ஆடி தள்ளுபடி, டயபர் கூப்பன், ரேஷன் பருப்பு: கைக்குழந்தை இருக்குற வீட்டுல உண்மையிலேயே எதுல காசு மிச்சமாகுது?

நிலாகுட்டி அம்மா (மேடவாக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு 10 மாசம் ஆகுது. நான் வேலைய விட்டாச்சு, இப்ப அவரோட சம்பளம் மட்டும்தான், அதுல வாடகை, பைக் ட்யூ, ஊருக்கு அனுப்புறது எல்லாம் போக மிச்சம் இருக்குறதுல தான் டயபர்லேர்ந்து மளிகை வரைக்கும் ஓட்டணும். அதனால ஆரம்பிச்சது தான் இந்த தள்ளுபடி வேட்டை, ஆனா இப்ப காசுக்காக மட்டும்னு சொல்ல முடியாது, அதுல ஒரு கிக்கு இருக்கு. ராத்திரி 12 மணிக்கு சேல் ஓப்பன் ஆகுறப்ப பாப்பாவுக்கு பால் குடுத்துக்கிட்டே ஒரு கையில போன வச்சுக்கிட்டு கூப்பன் அப்ளை, அதுக்கு மேல பேங்க் ஆஃபர், அதுக்கு மேல கேஷ்பேக், மூணும் ஏறி 1,400 ரூபா டயபர் பெட்டி 890க்கு இறங்குது பாருங்க, அப்ப வர்ற சந்தோஷம் சம்பள நாள் அன்னைக்கு கூட வராது.

சூப்பர் மார்க்கெட் பில்லு கடைசியில "இன்று நீங்கள் சேமித்தது ரூ.612"னு போட்டிருப்பாங்கல்ல, அத போட்டோ எடுத்து என் அக்காவுக்கு அனுப்புவேன், அவ அவளோடத அனுப்புவா, யாருது ஜாஸ்தினு ஒரு போட்டி. என் வீட்டுக்காரர் நேத்து ஒரே ஒரு கேள்வி தான் கேட்டார், "612 சேமிச்ச சரி, அந்த 612 இப்ப எங்க இருக்கு காட்டு"ன்னு. பதில் சொல்ல முடியல, அப்புறம் கோவமா வந்துச்சு 😅

ஆடி வேற வருது, டி.நகர் கூப்பிடுது. அதான் கேக்குறேன், எதெல்லாம் உண்மையான லாபம், எதெல்லாம் சும்மா பில்லுல மட்டும் வர்ற லாபம்? குழந்தை துணி, டயபர், மளிகை இந்த மூணும் தான் எனக்கு முக்கியம். அட்வைஸ் வேணாம், ஐடியா வேணும்!!

---

கணக்கு கமலா (நங்கநல்லூர்)

உங்க வீட்டுக்காரர் கேட்டது கரெக்டான கேள்விம்மா, கோவப்படாதீங்க. அந்த 612ங்கிறது எம்ஆர்பிலேர்ந்து கழிச்ச கணக்கு. எம்ஆர்பினா அதுக்கு மேல விக்கக்கூடாதுங்குற உச்ச விலை, வரி எல்லாம் அதுலயே அடக்கம், அவ்ளோதான், அந்த விலைக்குத்தான் எல்லாரும் விக்கிறாங்கன்னு அர்த்தம் கிடையாது. பருப்பு பாக்கெட்ல 240ன்னு அடிச்சிருப்பான், தெருமுனை அண்ணாச்சி கடையில அதே தரத்துல லூஸ் பருப்பு 150க்கு கிடைக்கும், பெரிய கடையில 165க்கு குடுத்துட்டு "75 சேமிச்சீங்க"ன்னு பில்லுல போடுவான். நீங்க அங்க 15 ரூபா கூட குடுத்துட்டு வந்திருக்கீங்க.

நான் பண்றது ரொம்ப பழைய முறை. ஒரு சின்ன நோட்டு. அதுல நம்ம வீட்டுல எப்பவும் வாங்குற சாமான் மட்டும், துவரம்பருப்பு, உளுந்து, கடலை எண்ணெய், சோப்பு, டயபர் இப்படி, ஒவ்வொன்னுக்கும் கிலோவுக்கு எவ்ளோ, லிட்டருக்கு எவ்ளோ, டயபர்னா ஒரு பீஸ் எவ்ளோ. எந்த கடையில எவ்ளோ குறைவா கிடைச்சுதோ அதுதான் "என் விலை". தள்ளுபடி போர்டு என்ன சொன்னாலும் என் விலைக்கு கீழ வந்தா தான் வாங்குவேன். இதுலயும் கிக்கு இருக்கும்மா, ஜாஸ்தியாவே இருக்கும், ஏன்னா இது நாம வச்ச கோடு, அவன் வச்சது இல்ல.

எடைய பாருங்க, பாக்கெட் சைஸ பாக்காதீங்க. சமையல் எண்ணெய் ஒரு லிட்டர்னா சுமார் 910 கிராம். இப்ப 850 மில்லி, 800 கிராம்னு கவர் வருது, ஷெல்ஃப்ல நிக்குறப்ப பாத்தா எல்லாம் ஒரே உசரம் தான். பாக்கெட்ல யூனிட் விலை, அதாவது கிராமுக்கு மில்லிக்கு எவ்ளோன்னு போடணும்னு விதியே இருக்கு, எம்ஆர்பி பக்கத்துலயே பொடி எழுத்துல இருக்கும், கண்ணாடி போட்டுட்டு படிங்க. ஷாம்பு விஷயத்துல பெரிய பாட்டில் வாங்குனா லாபம்னு நெனைப்போம், ஆனா நிறைய பிராண்ட்ல மில்லி கணக்கு போட்டா சாஷே தான் மலிவு. சாஷேய பிரபலப்படுத்துனதே நம்ம கடலூர்காரர் சின்னி கிருஷ்ணன் தானே, ஏழைக்கும் கைக்கு எட்டணும்னு போட்ட வழி, அது இன்னிக்கும் கணக்குல நிக்குது. (குப்பை சேருதேனு கேட்டா அது நியாயமான கேள்வி தான், அத தனி த்ரெட்ல வச்சுப்போம்.)

இன்னொன்னு, 2025 செப்டம்பர் 22லேர்ந்து டயபர், ஃபீடிங் பாட்டிலுக்கு ஜிஎஸ்டி 12லேர்ந்து 5 ஆயிடுச்சு, சோப்பு ஷாம்பு பேஸ்ட் எல்லாம் 18லேர்ந்து 5. அதனால அதுக்கு முன்னாடி நீங்க வாங்குன விலைய மனசுல வச்சுக்கிட்டு "அட கொறஞ்சிருக்கே"ன்னு சந்தோஷப்படாதீங்க, அது சேல் இல்ல, வரி கொறஞ்சது. பழைய விலைய அடிச்சு காட்டி தள்ளுபடினு போட்டா உஷார்.

---

கவுண்டர்ல நின்னவன்

துணிக்கடை செக்‌ஷன்ல கொஞ்ச வருஷம் வேலை பாத்தேன், பேர் வேணாம். ஆடி பத்தி கேட்டதால சொல்றேன். ஆடி மாசம் கல்யாணம் கிடையாது, புதுசா எதுவும் ஆரம்பிக்க மாட்டாங்க, முன்னாடியெல்லாம் கடை காத்தாடும், அதனால தான் தள்ளுபடியே வந்துச்சு. அதே சமயம் ஆவணி முகூர்த்தம், தீபாவளிக்கு புது ஸ்டாக் இறங்கணும்னா பழசு காலி ஆகணும், ரேக் வேணும்ல. அப்போ உண்மையான தள்ளுபடி எங்க இருக்கும்? போன சீசன் மிச்சத்துல, சைஸ் விட்டுப்போனதுல. ஆடிக்குன்னே தனியா தச்சு இறக்குற சரக்கும் உண்டு, அது அந்த விலைக்கே தயாரானது, அதுல தள்ளுபடிங்கிறது ஸ்டிக்கர்ல மட்டும் தான். துணிய உள்பக்கம் திருப்பி தையல் பாத்தாலே தெரிஞ்சிடும்.

குழந்தை துணிக்கு போறதுனா ஆடி முதல் வாரமே போயிடுங்க, அதுவும் வார நாள்ல, காலைல கடை தொறந்த உடனே. கடைசி வாரம் விலை இன்னும் இறங்கும் ஆனா 1 வயசு 2 வயசு சைஸ் இருக்காது, 8 வயசு ஃப்ராக் தான் தொங்கிட்டு இருக்கும். ரங்கநாதன் தெருவுக்கு கைக்குழந்தையோட சாயங்காலம் போகவே போகாதீங்க, மாம்பலம் ஸ்டேஷன்லேர்ந்து இறங்குற கூட்டமும் கடைக்கு வர்ற கூட்டமும் ஒன்னா சேந்து தள்ளும், பாப்பாவும் பாவம் நீங்களும் பாவம்.

அப்புறம் இந்த வவுச்சர். "3,000க்கு வாங்குனா 500 ரூபா வவுச்சர்"னு குடுப்பாங்க, பின்னாடி திருப்பி பாத்தா அடுத்த தடவ 2,500க்கு மேல வாங்கணும், இத்தன நாளுக்குள்ள வாங்கணும், சேல் ஐட்டத்துக்கு செல்லாதுன்னு இருக்கும். ரெண்டு பில்லும் சேத்து 5,500க்கு 500, அதாவது 9 பர்சென்ட் தான், ஆனா உங்க மனசுல 500 பர்சுல இருக்குன்னு தோணும், அது தோணணும்னு தான் நோட்டு மாதிரி அச்சடிச்சு தர்றது. "50+20 பர்சென்ட்"னா 70 இல்ல, 60. "ரெண்டு வாங்குனா ஒன்னு ஃப்ரீ"னா 33, அதுவும் மூணு தேவைப்பட்டா தான். "வரை"னு ஒரு சின்ன வார்த்தை "70% வரை"ல இருக்கும், அந்த 70 எந்த ரேக்ல இருக்குன்னு கடை ஆளுக்கே தேடிப் பாத்தா தான் தெரியும் 😂

மளிகையில சர்க்கரை, எண்ணெய், வெங்காயம் மாதிரி விலை எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்ச சாமான நெசமாவே அடக்க விலைக்கு பக்கத்துல குடுப்பாங்க. அது உள்ள கடைசியில இருக்கும், அங்க போயி வர்ற வழியில தான் பிஸ்கட், பொம்மை, டப்பா எல்லாம். சர்க்கரைய மட்டும் எடுத்துட்டு நேரா பில் போட்டு வர்ற ஆள பாத்தா கடைக்காரனுக்கு பயம்.

---

பனியன் ஊர்க்காரன் (திருப்பூர்)

அக்கா, குழந்தை துணிக்கு சென்னையில எதுக்குங்க அலையறீங்க. எங்க ஊர் காதர்பேட்டை தெரியுமுங்களா, ரயில்வே ஸ்டேஷன்லேர்ந்து நடந்து போற தூரம் தானுங்க. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஆர்டருக்கு தச்சதுல மிஞ்சுனது, கேன்சல் ஆனது, அதுபோக லோக்கலா தச்சதும் இருக்குது. மொத்த வியாபாரம் தான் அதிகம், ஆனா சில்லறைக்கும் குடுக்கற கடை ஏகப்பட்டது இருக்குதுங்க.

ஆனா கண்ணு தெளிவா இருக்கோணும். சர்ப்ளஸ் வேற, செகண்ட்ஸ் வேறங்க. செகண்ட்ஸ்னா சின்ன ஓட்டை, எண்ணெய் கறை, பிரிண்ட் தள்ளிப்போனது, ஏதோ ஒன்னு இருக்கும். விலைய பாத்தாலே தெரியும், ரொம்ப மலிவா சொன்னா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு பாருங்க. பட்டன் வச்ச பாடி சூட்டுனா ஒவ்வொரு பட்டனையும் போட்டு எடுத்துப் பாக்கோணும், குழந்தை வாய்க்குள்ள போற சமாச்சாரமுங்க. கழுத்த இழுத்து விடுங்க, திரும்ப பழைய அளவுக்கு வரோணும், தொளதொளன்னு நின்னா ஒரு துவைக்கு தான் தாங்கும்.

சைஸ்ல தான் நிறைய பேர் குழம்புவாங்க. ஐரோப்பா ஆர்டர் துணியில 74, 80, 86ன்னு இருக்கும், அது குழந்தையோட உசரம் சென்டிமீட்டர்லங்க, வயசு இல்ல. 12எம்னு இருந்தா மாசக்கணக்கு. உங்க பாப்பாவ சுவத்துல நிக்க வச்சோ படுக்க வச்சோ ஒரு டேப்புல அளந்து எழுதிட்டு வாங்க, அடுத்த ஒரு வருஷத்துக்கு ரெண்டு சைஸ் பெருசா சேத்து எடுத்துக்கலாம். வெளிநாட்டு குளிருக்கு தச்ச கெட்டி துணி விலை கொறச்சு சொல்றாங்கன்னு சென்னைக்கு வாங்கிட்டு போயிறாதீங்க, நெறைய பேர் அப்படித்தான் அள்ளிட்டு போறாங்க, பாப்பாவுக்கு வேர்க்குரு தான் மிச்சமுங்க.

---

அட்டைப்பெட்டி அப்பா (குரோம்பேட்டை)

சகோதரி, உங்க வீட்டுக்காரர் நம்பர் குடுங்க, அவருக்கு நான் ஆறுதல் சொல்றேன். எங்க வீட்டு பரண்ல தரை தொடைக்கிற லிக்விட் 5 லிட்டர் கேன் வரிசையா நிக்குது. ஏன்னு கேட்டா என் வீட்டுக்காரிகிட்ட "டீல் நல்லா இருந்துச்சு" அப்படின்னு ஒரே பதில். வீடே ஒரு அறை தாங்க, வாடகை சதுர அடிக்கு குடுக்குறோம், அதுல பாதி கேனுக்கு குடுக்குறோம்.

நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டி இல்லாத தவணைன்னு சொல்றாங்களே, அதுல மாட்டாதீங்க யாரும். வாஷிங் மெஷின் 24,000ன்னு வச்சுக்குவோம், வட்டி 1,500 வரும், அந்த 1,500ஐ முன்னாடியே தள்ளுபடியா கழிச்சு காட்டுவாங்க, ஆனா வட்டிக்கு 18 பர்சென்ட் ஜிஎஸ்டி பேங்க்காரன் உங்ககிட்ட தான் வாங்குவான், 270 ரூபா, அதுக்கு மேல ப்ராசஸிங் ஃபீஸ், அதுக்கும் வரி. பெரிய தொகை இல்ல தான், ஆனா நோ காஸ்ட்னு சொல்லாதீங்கடா. இதுல பெரிய ஓட்டை என்னனா, இஎம்ஐ போட்டா நேரடியா பணம் கட்டுறவனுக்கு கிடைக்கிற உடனடி டிஸ்கவுண்ட் சில சமயம் கிடைக்காது, ரெண்டையும் போட்டு பாத்துட்டு தான் அமுக்கணும். அப்புறம் 10 நிமிஷத்துல வர்ற ஆப்ல டெலிவரி ஃப்ரீன்னு போட்டு ஹேண்ட்லிங் சார்ஜ், மழை சார்ஜ், சின்ன ஆர்டர் சார்ஜ்னு வரும் பாருங்க, 40 ரூபா கொத்தமல்லி புதினாவுக்கு.

ஆன்லைன்ல பெரிய சாமான் வாங்குறதுனா கீப்பா மாதிரி விலை வரலாறு காட்டுற டூல்ல போட்டு பாருங்க. போன மாசம் என்ன விலை, சேலுக்கு முந்தின வாரம் எவ்ளோ ஏத்துனாங்க, கோடு போட்டு காட்டிடும்.

நான் எதுக்கு அலைவேன்னு கேட்டா, பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை. காலைலயே போயிடுவேன். செடி, பழைய நாற்காலி, பாத்திரம், சைக்கிள், என்ன வேணா கிடைக்கும், பேரம் பேசி வாங்குற சுகமே தனி, அது கூப்பன் கோடு அடிக்கிறதுல எங்கருந்து வரும். குழந்தைக்கு தொட்டில் ஸ்டாண்ட், மூணு சக்கர சைக்கிள், நடை வண்டி, வாக்கர் எல்லாம் பழசு பாத்து வாங்கலாம், எப்படியும் ஆறு மாசம் தான் உபயோகம். (ஆமா இதுவும் வேட்டை தான், தெரியும், யாரும் கலாய்க்க வேணாம்.)

---

ஸ்காபரோ சுதா

வணக்கம், நான் கனடாவில இருக்கிறன், இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். மேல அண்ணா வாக்கர் எண்டு சொன்னதால தான் எழுதுறன். சில்லு வச்சு பிள்ளைய உள்ள இருத்தி விடுற அந்த பேபி வாக்கர் இஞ்ச 2004லயே தடை. விக்கவும் ஏலாது, பழசு குடுக்கவும் ஏலாது. படியால உருண்டு விழுந்து தலையில அடிபட்ட பிள்ளையள் கனபேர். மலிவா கிடைச்சாலும் அது வேண்டாம் தங்கச்சி. பின்னால நிண்டு தள்ளுற மர நடைவண்டி பரவாயில்லை.

இஞ்ச கதை வேற. வியாழக்கிழமை கடையளின்ர புது ஃப்ளையர் (தள்ளுபடி விலை நோட்டீஸ்) வரும், ஃபிளிப் ஆப்பில எல்லா கடையின்ர விலையையும் பாத்து, நோ ஃப்ரில்ஸ் எண்ட மளிகை கடையில காசு கட்டுற இடத்தில "அந்த கடையில இந்த விலை" எண்டு போனை காட்டினா அதே விலைக்கு தருவினம். வாங்க வாங்க சேருற பிசி ஆப்டிமம் எண்ட புள்ளி 10,000 சேந்தா 10 டொலர். நான் பம்பர்ஸ் (டயபர்) எல்லாம் புள்ளி கூட வாற கிழமையில தான் எடுக்கிறனான். உங்கட ஊரில காசாளரோட அப்பிடி கதைக்க ஏலுமோ தெரியேல்ல 😊

---

ராயபுரம் ராணி அக்கா

எல்லாரும் கூப்பன் கூப்பன்னு சொல்றீங்களே, தடுப்பூசி எங்கம்மா போடுற? தனியார்ல ஒரு விசிட்டுக்கே ஆயிரக்கணக்குல வாங்குறாங்க. நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல புதன்கிழமை போனா அஞ்சு நோய்க்கு ஒரே ஊசியா பென்டாவேலன்ட், வயித்துப்போக்குக்கு ரோட்டா, நிமோனியாவுக்கு பிசிவி, தட்டம்மை ரூபெல்லா, போலியோ எல்லாம் இலவசம். வெளியில "வலிக்காத ஊசி"ன்னு போடுறது வேற வகை, காய்ச்சல் கம்மியா வரும், அதுக்கு தான் அந்த விலை. சின்னம்மை, டைபாய்டு, ஃப்ளூ ஊசி அரசு பட்டியல்ல கிடையாது, அத மட்டும் உங்க டாக்டர்ட்ட கேட்டு வெளிய போட்டுக்கலாம். ஒரு வருஷம் முழுக்க நீ கூப்பன் அடிச்சு சேக்குறத விட இது ஜாஸ்தி.

அங்கன்வாடியில பேர பதிஞ்சியா? 6 மாசத்துலேர்ந்து குழந்தைக்கு சத்துமாவு தருவாங்க. கடையில அந்த டப்பா கஞ்சி மாவு என்ன விலை விக்குது! ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. கார்டு வச்சிருந்தும் "அங்க யாரு க்யூல நிக்குறது"ன்னு விடுறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன், அவங்களே தான் 20 ரூபா ஆஃபருக்கு சூப்பர் மார்க்கெட் க்யூல அரை மணி நேரம் நிப்பாங்க. சோழிங்கநல்லூர் பக்கம் மாடி வீட்டு பொண்ணுங்களுக்கு ரேஷன் பைய தூக்கிட்டு போக வெக்கம், எனக்கு இதுல கோவமே வரும், நல்லா வேகுற பருப்பும்மா அது.

---

நிலாகுட்டி அம்மா

ஐயோ எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், மத்தியானம் பாப்பா தூங்குனப்ப உக்காந்து படிச்சேன். கமலா அக்கா சொன்ன மாதிரி டயபர் பீஸ் விலை போட்டேன், 890க்கு பிடிச்சேன்னு குதிச்சேனே அது 76 பீஸ், ஒன்னு 11.70 வருது. நம்ம தெரு மெடிக்கல்ல அதே பிராண்ட் 42 பீஸ் பாக்கெட் அண்ணன் 450க்கு தர்றார், 10.70. ராத்திரி 12 மணி வரைக்கும் முழிச்சது வேற 🤦‍♀️ வீட்டுக்காரர்ட்ட இத சொல்லல, சொல்ல போறதும் இல்ல.

சுதா அக்கா, எங்க ஊர்ல பில்லு போடுற பொண்ணுகிட்ட பக்கத்து கடை விலைய காட்டுனா "அப்ப அங்கயே போய் வாங்குங்க மேடம்"னு தான் வரும். வாக்கர் வாங்கல, அம்மா வீட்டுல மர நடைவண்டி இருக்கு. ராணி அக்கா, அங்கன்வாடி அடுத்த தெருவுல தான், நாளைக்கே போறேன். ரேஷன் கார்டுல இன்னும் பாப்பா பேரே சேக்கல, அதையும் பண்ணணும்.

திருப்பூர் தம்பி, இப்ப காதர்பேட்டை தான் மண்டைக்குள்ள ஓடுது. ஒரு நாள்ல போயிட்டு வந்துட முடியுமா, இல்ல ட்ரெயின் செலவே துணி லாபத்த முழுங்கிடுமா?

---

பனியன் ஊர்க்காரன் (திருப்பூர்)

பாப்பா துணிக்கு மட்டும்னா முழுங்கிடுமுங்க, பொய் சொல்ல மாட்டேன். உங்க அக்கா, பக்கத்து வீடு, எல்லாருக்கும் சேத்து ஒரு லிஸ்ட் எடுத்துட்டு வந்தா கட்டுபடியாகும். வீட்டுக்காரருக்கு பனியன் ஜட்டி ஒரு வருஷத்துக்கு எடுத்துருங்க, அவரும் வாய மூடிக்குவாரு. காலைல சென்ட்ரல்ல கோவை எக்ஸ்பிரஸ் புடிச்சா மத்தியானம் இங்க, ராத்திரி வண்டியில திரும்பிக்கலாமுங்க.

---

அட்டைப்பெட்டி அப்பா (குரோம்பேட்டை)

5 வயசுக்கு கீழ குழந்தைக்கு ரயில்ல டிக்கெட்டே கிடையாது, தனி சீட்டு கேக்காம இருந்தா. பில்லுல "சேமித்தது"ன்னு போட மாட்டாங்க, அக்காவுக்கு நீங்களே எழுதி அனுப்பிக்கோங்க. எனக்கு எக்ஸ்எல் பனியன் ரெண்டு, காசு ஜிபேல போட்டுடுறேன்.